சுழியனுக்கு மிஞ்சிய உருண்டை

நெடுங்காட்டு ஆற்றில் சுழியன் என்றொரு நீர்நாய் இருந்தான். மீன் பிடிப்பதில் கெட்டிக்காரன். சதுரங்கத்தில் அதைவிடக் கெட்டிக்காரன். ஆற்றங்கரை மன்றத்தின் அணித் தலைவனும் அவன்தான்.

அந்தக் காட்டில் எல்லா விலங்குகளுக்கும் சதுரங்கம் என்றால் பைத்தியம். மேட்டுக்கு ஒரு மன்றம், குளத்துக்கு ஒரு மன்றம், தோப்புக்கு ஒரு மன்றம் என்று வைத்திருந்தார்கள். மழைக்காலம் முழுக்க அவரவர் இடத்தில் பாறையில் கட்டம் கீறி, கொட்டைகளையும் கூழாங்கற்களையும் காய்களாக வைத்துப் பழகுவார்கள். மழை விட்டதும் எல்லா மன்றங்களும் ஆற்றங்கரைக்கு வந்து சேர வேண்டும். அங்கேதான் காட்டுக் கோப்பைக்கான அணிப் போட்டி நடக்கும்.

போட்டியின் விதி எளிமையானது. அணிக்கு எட்டுப் பேர். எட்டுப் பலகையிலும் ஒரே நேரத்தில் ஆட்டம். தோற்ற அணி அன்றே ஊருக்குக் கிளம்ப வேண்டும். ஜெயித்த அணி அடுத்த அணியோடு மோத வேண்டும். கடைசியில் நிற்பது யாரோ அவர்களுக்குக் கோப்பை.

கடைசியில் நிற்பது எப்போதும் ஆற்றங்கரைதான்.

சுழியனின் அணி நன்றாக ஆடும். அதில் சந்தேகமில்லை. ஆனால் காரணம் அது மட்டும் அல்ல. ஆற்றங்கரை அணி தங்கள் வளையில் தூங்கி எழுந்து, வயிறு நிறைய மீன் தின்றுவிட்டு, நாலு எட்டு வைத்தால் பலகைக்கு வந்துவிடும். மற்றவர்களோ மலை ஏறி, முள்ளில் நடந்து, வெயிலில் காய்ந்து வந்து சேர்வார்கள். வந்த அன்றைக்கே ஆட்டம். கோரைக்குளத்து ஆமைகள் மழை நிற்பதற்கு முன்பே புறப்பட்டும், பாதி வருடங்களில் போட்டி முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தன. மூங்கில்காட்டில் சதுரங்கம் ஆடும் யானைகள் ஆறுதான். எட்டுப் பலகையில் இரண்டை ஆடாமலே தோற்றுவிட்டுத்தான் அவை ஆட்டத்தையே தொடங்கும்.

இது போதாதென்று, சுழியன் வருடா வருடம் பாறைமேட்டிலிருந்து மையாள் என்ற தேவாங்கைத் தன் அணிக்கு அழைத்துக்கொள்வான். பெரிய கண்களை விரித்து, கை ஒன்றை மெல்ல நீட்டி, அவள் ஒரு காயை நகர்த்தினால் எதிரில் இருப்பவருக்கு வியர்த்துவிடும். நெடுங்காட்டிலேயே அவளைப் போல் ஆடுபவர் கிடையாது. போட்டி நடக்கும் நாட்களில் ஆற்றங்கரையில் அவளுக்கு வேளாவேளைக்குக் கொழுத்த வெட்டுக்கிளி. போட்டி முடிந்ததும் அவள் பாறைமேட்டுக்குத் திரும்பிப் போய்விடுவாள்.

“விதியில் இதெல்லாம் கூடாது என்று எங்கே இருக்கிறது?” என்று யாராவது குறை சொல்வதற்கு முன்பே சுழியன் கேட்டுவிடுவான். விதியில் எங்கேயும் இல்லைதான்.

அந்த வருடமும் மழை விட்டது. சுழியன் எட்டுப் பலகையையும் கழுவித் துடைத்து வைத்தான். அவனுடைய அக்கா மகள் நுரைச்சி அந்த வருடம்தான் அணியில் சேர்ந்திருந்தாள். மழை முழுக்கப் பழகிப் பழகி, தூக்கத்தில்கூடக் குதிரையை நகர்த்திக்கொண்டிருந்தாள். மையாளும் வந்து ஒரு மருதமரக் கிளையில் சுருண்டு படுத்துக்கொண்டாள். எல்லோரும் பாதையைப் பார்த்தபடி காத்திருந்தார்கள்.

ஒருவரும் வரவில்லை.

மறுநாள் பாதையில் சலசலவென்று ஒரு சத்தம் கேட்டது. பாறைமேட்டு அணித் தலைவி ஊசிமல்லி வந்தாள். முள்ளம்பன்றி நடந்தால் முட்கள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் தூரத்திலேயே கேட்கும். அவளுக்குப் பின்னால் அணி வருகிறதா என்று சுழியன் எட்டிப் பார்த்தான். அவள் தனியாகத்தான் வந்திருந்தாள்.

“நாங்கள் வரவில்லை என்று சொல்லத்தான் வந்தேன், தம்பி. சொல்லாவிட்டால் நீ காத்துக்கொண்டே இருப்பாயே” என்றாள்.

கோரைக்குளத்திலும், இலுப்பைத்தோப்பிலும், மூங்கில்காட்டிலும் இதையே சொல்லிவிட்டார்களாம். சுழியனுக்குப் புரியவில்லை. போன வருடம் பாறைமேடு நன்றாகத்தானே ஆடியது, ஒரே ஒரு பலகை வித்தியாசத்தில்தானே தோற்றது என்று கேட்டான்.

“ஆமாம். ஒரே ஒரு ஆட்டம் ஆட அவ்வளவு தூரம் நடந்தோம். அந்த ஒரு பலகையிலும் எங்கள் மையாளோடுதான் மோதித் தோற்றோம்” என்றாள் ஊசிமல்லி. அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் சுழியனை என்னவோ செய்தது. கோபப்பட்டிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருக்கலாம்.

கிளையில் படுத்திருந்த மையாள் மெதுவாக இறங்கி வந்தாள். “நான் ஆட வந்தேன். தூங்குவதற்கு எனக்கு ஊரிலேயே கிளை இருக்கிறது” என்று சொல்லிவிட்டு ஊசிமல்லியோடு நடக்கத் தொடங்கினாள். நடந்தாள் என்றால், ஊசிமல்லி பத்தடி போய்த் திரும்பி நின்று காத்திருப்பாள். இவள் ஓரடி வைப்பாள்.

அந்த வருடக் கோப்பை ஆடாமலே ஆற்றங்கரைக்குக் கிடைத்தது. சுழியன் அதை வளைக்குள் கொண்டுபோய் வைத்தான். யாரும் கைதட்டவில்லை. நுரைச்சி மட்டும் அவன் அருகில் வந்து கேட்டாள்.

“அப்போ நாம் யாரோடு ஆடுவது, மாமா?”

 அன்று சுழியனுக்கு மீனே இறங்கவில்லை.

இரண்டு நாள் யோசித்தபின் அவனுக்கு ஒரு வழி தோன்றியது. எல்லா மன்றங்களையும் கூப்பிட்டு, போட்டி விதியை மாற்றலாம் என்று சொல்வது. மாற்றும் எண்ணம் அவனுக்கு உண்மையில் இல்லை. ஆளுக்கொரு யோசனை கேட்டால் அடித்துக்கொள்வார்கள், கடைசியில் களைத்துப்போய்ப் பழையபடியே இருக்கட்டும் என்பார்கள், ஆனாலும் கூப்பிட்டுக் கேட்டான் என்ற நல்ல பெயர் தனக்கு வந்துவிடும், அந்தச் சந்தோஷத்தில் அடுத்த வருடம் எல்லோரும் வந்துவிடுவார்கள் என்று கணக்குப் போட்டான். போட்டி இருக்கும். கோப்பையும் இருக்கும். தன் யோசனையைத் தானே மெச்சிக்கொண்டு ஆற்றில் இரண்டு குட்டிக்கரணம் அடித்தான்.

ஆறு இரண்டாகப் பிரியும் இடத்தில் கூழாங்கல் திட்டு ஒன்று உண்டு. அங்கே கூட்டம் கூடியது. ஐந்து மன்றங்களின் தலைவர்களும் வந்தார்கள். ஆற்றங்கரைக்குச் சுழியன். பாறைமேட்டுக்கு ஊசிமல்லி. கோரைக்குளத்துக்குப் பொன்னோடி என்ற பெரிய ஆமை. இலுப்பைத்தோப்புக்குச் சிட்டான் என்ற அணில். மூங்கில்காட்டுக்கு ஒரு கொம்பன் யானை. வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்துக்குக் கணக்கில்லை.

சுழியன் நினைத்தபடியேதான் நடந்தது.

சிட்டான் முதலில் துள்ளி எழுந்தான். ஆட்டம் இழுத்துக்கொண்டே போவதுதான் பெரிய தொல்லை என்றான். கண் இமைக்கும் நேரத்தில் காயை நகர்த்தவேண்டும், நகர்த்தாதவர் தோற்றார், இதுதான் விதியாக இருக்கவேண்டும் என்றான். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை மரத்தில் ஏறி இறங்கிவிட்டான்.

பொன்னோடி கழுத்தை நீட்டினாள். நேரம் பார்ப்பதே தப்பு என்றாள். ஒரு காயை நகர்த்த ஒரு பகல் ஆனால் ஆகட்டும், யோசிப்பதற்குத்தானே சதுரங்கம் என்றாள். சொல்லி முடிக்க அவளுக்கு வெகுநேரம் பிடித்தது.

யானைத் தலைவர் அணிக்கு இரண்டு பேர் போதும் என்றார். பலகை பெரிதாக இருக்கவேண்டும் என்றும், தும்பிக்கை தெரியாமல் பட்டுக் காய் விழுந்தால் அதைக் குற்றமாக எடுக்கக் கூடாது என்றும் சேர்த்துக்கொண்டார். இலுப்பைத்தோப்பு அணில்கள் உடனே கீச்சிட்டன. அவர்கள் கூட்டத்தில் நாற்பது பேர் ஆடுவார்களாம். அணிக்கு நாற்பது பேர் வேண்டுமாம்.

பாறைமேட்டிலிருந்து வந்திருந்த ஆந்தை ஒன்று, ஆட்டம் எல்லாம் இருட்டிய பிறகுதான் நடக்கவேண்டும் என்றது. பகலில் கண் தெரியாதாம். இருட்டில் தங்களுக்குக் கண் தெரியாதே என்று அணில்கள் மறுபடி கீச்சிட்டன. போட்டி எங்கள் குளத்தில், இல்லை எங்கள் தோப்பில், இல்லை எங்கள் மூங்கில்காட்டில் என்று குரல்கள் எழுந்தன. ஒருவர் பேசியது இன்னொருவருக்குக் கேட்கவில்லை.

சுழியன் ஓரமாக உட்கார்ந்து மீசையைத் தடவிக்கொண்டிருந்தான். இன்னும் கொஞ்ச நேரத்தில் எல்லோருக்கும் தொண்டை கட்டிவிடும். அப்போது எழுந்து, பழைய விதியே இருக்கட்டுமே என்று பணிவாகச் சொல்லிவிடலாம்.

அதற்குள் ஊசிமல்லி எழுந்தாள். அவள் முட்களைச் சிலிர்த்ததும் பக்கத்தில் இருந்தவர்கள் தள்ளி உட்கார்ந்தார்கள். கொஞ்சம் அமைதியானது.

“எனக்கு ஒரு யோசனையும் இல்லை. ஒரே ஒரு விண்ணப்பம்தான்” என்றாள். “விதியை இங்கேயே இப்போதே முடிவு செய்வோம். ஆனால் வருகிற ஒரு பருவத்துக்கு எந்த மன்றத்துக்கு யார் தலைவர் என்பது அதுவரை யாருக்கும் தெரியக் கூடாது. ஐந்து மன்றத்தின் அடையாளமாக ஐந்து இலை எடுத்து, ஐந்து களிமண் உருண்டைக்குள் வைத்து, பானையில் போடுவோம். விதியை முடித்த பிறகு ஆளுக்கொரு உருண்டை எடுப்போம். எந்த மன்றத்தின் இலை வருகிறதோ, அந்த மன்றத்துக்குத்தான் நீங்கள் தலைவர். முதல் பலகையிலும் நீங்கள்தான் ஆடவேண்டும். சொந்த இலையே வந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம். சரி, இப்போது சொல்லுங்கள். விதி எப்படி இருக்கவேண்டும்?”

கீச்சிட்டுக்கொண்டிருந்த அணில்கள் தங்கள் தலைவனைத் திரும்பிப் பார்த்தன.

சுழியனுக்கு இது பிடிக்கவே இல்லை. எழுந்து மறுக்கப் பார்த்தான். ஆனால் யானைத் தலைவர் தலையை ஆட்டிவிட்டார். பொன்னோடியும் ஆட்டத் தொடங்கியிருந்தாள். கூட்டத்தின் நடுவிலிருந்து நுரைச்சி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கே முரண்டு பிடித்தால் இனி ஆற்றங்கரையில் யாரும் காலெடுத்து வைக்கமாட்டார்கள் என்று அவனுக்குத் தெரிந்தது. மறுபடி உட்கார்ந்தான்.

முதலில் சிட்டான்தான் முனகினான். கண் இமைக்கும் நேரம் என்று சொன்னது கொஞ்சம் அதிகமோ என்றான். ஆமைகளுக்குத் தலைவனாகிவிட்டால் ஒரு ஆட்டமும் தேறாதே என்ற பயம் அவன் முகத்திலேயே தெரிந்தது. பொன்னோடியும் யோசித்தாள். நேரமே பார்க்காமல் விட்டால், அணில்கள் ஆட்டத்தின் நடுவில் மரத்துக்கு மரம் தாவிப் போய்விடும், ஒவ்வொன்றின் வாலாகப் பிடித்து யார் இழுத்து வருவது என்று கேட்டாள். இருவருமாகப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஒரே அளவு ஓட்டை உள்ள இரண்டு சுரைக்குடுவைகளில் ஒரே அளவு தண்ணீர். தன் முறை வரும்போது தன் குடுவையைத் திறக்க வேண்டும். முழு ஆட்டத்துக்கும் அவ்வளவுதான் நேரம். அதை வேகமாகச் செலவழிப்பதும் மெதுவாகச் செலவழிப்பதும் அவரவர் இஷ்டம்.

அணிக்கு எத்தனை பேர் என்பதும் அப்படித்தான் தீர்ந்தது. ஆறு யானைகளும் நாற்பது அணில்களும் இருக்கிற காட்டில் நாலு பேர் என்று வைத்தால் யாருக்கும் கஷ்டமில்லை, ஆள் அதிகமுள்ள மன்றம் ஆட்டத்துக்கு ஆட்டம் ஆளை மாற்றிக்கொள்ளட்டும் என்று யானைத் தலைவரே சொன்னார். ஆந்தையும் அணிலும் காலையில் வெயில் ஏறுவதற்கு முன் ஆடலாம் என்று ஒத்துக்கொண்டன.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டே சுழியன் பானைக்குள் போகப்போகும் ஐந்து இலைகளை எண்ணிப் பார்த்தான். அவர்கள் பேசியதெல்லாம் சில்லறை விஷயம். பெரிய விஷயங்கள் அவனுக்கு மட்டும்தான் தெரியும். நாளை கோரைக்குளத்து இலை வந்து, ஆமைகளைக் கூட்டிக்கொண்டு அவன் ஆற்றங்கரைக்கு வரவேண்டியிருந்தால்? வந்த அன்றே, கால் கொதிக்க, பசியோடு ஆட வேண்டியிருந்தால்?

“வந்து சேர்ந்த அன்று ஆட்டம் கூடாது” என்று திடீரென்று எழுந்து சொன்னான். “ஒரு நாள் ஓய்வு. சாப்பாடு, போட்டி நடத்தும் மன்றத்தின் பொறுப்பு.”

எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் சொல்ல ஆரம்பித்த பிறகு அவனால் நிறுத்த முடியவில்லை. எல்லாப் போட்டியும் ஒரே கரையில் நடப்பது நியாயமில்லை, ஒவ்வொரு மன்றத்திலும் ஒரு தடவை நடக்கவேண்டும் என்றான். தோற்ற அணி வீட்டுக்குப் போவது வீண் அலைச்சல், எல்லோரும் எல்லோரோடும் ஆடி முடித்த பிறகு புள்ளி பார்க்கலாம் என்றான். பழைய விதிப்படி யாரோடு யார் மோதுவது என்பதைப் போட்டி நடத்தும் மன்றமே தீர்மானித்தால், பலசாலிகள் இருவரை முதலில் மோதவிட்டு ஒருவரைக் கழித்துவிடுவார்கள் என்று விளக்கினான். தண்ணீர் பக்கம் பார்த்து உட்கார்ந்தால் காலை வெயில் ஆற்றில் பட்டுக் கண்ணைக் கூசும், வெளியூர் அணியை எப்போதும் அந்தப் பக்கமே உட்காரவைப்பது சரியில்லை என்றான். கடைசியாக, போட்டிக்கு மட்டும் வெளியிலிருந்து ஆள் பிடித்து வருவதை நிறுத்த வேண்டும், மழைக்காலம் முழுக்க எந்த மன்றத்தில் பழகினார்களோ அந்த மன்றத்துக்குத்தான் ஆட வேண்டும் என்றான். மையாள் இருக்கும் திசையில் மட்டும் அவன் பார்க்கவில்லை.

“இவ்வளவும் உனக்கு எப்படித் தெரியும், தம்பி?” என்று ஊசிமல்லி கேட்டாள்.

கூட்டம் முழுக்கச் சிரித்தது. யானைத் தலைவர் சிரித்த சிரிப்பில் கூழாங்கற்கள் உருண்டன. சுழியன் மீசையை ஆற்றுத் தண்ணீரில் நனைத்துக்கொண்டான். அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து, முடியாமல் மூக்கு வழியாகத் தண்ணீர் சிந்தியது.

அவன் சொன்னது எல்லாமே விதியானது.

பிறகு பானை வந்தது. மருத இலை ஆற்றங்கரைக்கு, ஆவாரை இலை பாறைமேட்டுக்கு, கோரைத் தாள் கோரைக்குளத்துக்கு, இலுப்பை இலை தோப்புக்கு, மூங்கில் இலை யானைகளுக்கு. ஐந்து உருண்டைகளும் ஒரே அளவு. பொன்னோடி பானைக்குள் தலையை விட்டு நன்றாகக் கலக்கினாள்.

சிட்டான் முதலில் எடுத்தான். பல்லால் உடைத்துப் பார்த்தான். கோரை. ஆமைகள் மெல்ல நகர்ந்து வந்து தங்கள் புதிய தலைவனைச் சுற்றி நின்றன. சிட்டானின் வால் தொங்கிப்போனது. அடுத்து பொன்னோடி எடுத்தாள். இலுப்பை. நாற்பது அணில்களும் அவள் ஓட்டின் மேல் ஏறிக் குதித்தன. “மெதுவாக, கண்ணுங்களா, மெதுவாக” என்று அவள் சொன்னது எதுவும் அவர்கள் காதில் விழவில்லை. யானைத் தலைவர் தும்பிக்கையை விட்டு எடுத்தார். ஆவாரை. பாறைமேட்டுக்காரர்கள் ஆரவாரம் செய்தார்கள்.

பானையில் இரண்டுதான் பாக்கி. மூங்கில் ஒன்று, மருதம் ஒன்று.  ஊசிமல்லி எடுத்தாள். உடைத்தாள். மூங்கில்.

மிஞ்சியதை உடைத்துப் பார்க்கவே வேண்டியதில்லை. அதற்குள் இருப்பது மருத இலை. சுழியன் தன் சொந்த மன்றத்துக்கே தலைவன்.

அவன் சந்தோஷத்தில் துள்ளினான். இறங்கும்போதுதான் நினைவு வந்தது. சொந்தக் கரை போய்விட்டது. வெயில் பக்கம் போய்விட்டது. வந்த அன்றைய ஆட்டம் போய்விட்டது. மையாள் போய்விட்டாள். தன் கையாலேயே ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்திருக்கிறான். அவன் முகம் போன போக்கைப் பார்த்துக் கூட்டம் இரண்டாம் முறை சிரித்தது. இந்தத் தடவை அவன் சேர்ந்து சிரிக்கவில்லை.

மழை வந்தது, போனது. புதுப் பருவம் தொடங்கியது.

ஆற்றங்கரை அணியின் முதல் ஆட்டம் கோரைக்குளத்தில். நீர்நாய்கள் அவ்வளவு தூரம் நடந்ததே இல்லை. செம்மண் சுட்டது. பாதிவழியில் தண்ணீர் கிடையாது. சுழியனின் பாதம் கொப்பளித்தது. கோரைக்குளத்து ஆமைகள் இத்தனை வருடம் இந்த வழியில்தான் வந்தன என்பதை அவன் வழி நெடுக நினைத்துக்கொண்டே நடந்தான். போய்ச் சேர்ந்ததும் ஆமைகள் நிழலில் இடம் போட்டு, கெளுத்தி மீன் வைத்து உபசரித்தன. மறுநாள் முழுக்க அவர்கள் குளத்தில் மிதந்துகொண்டே கிடந்தார்கள். அந்த ஓய்வு விதியைச் சொன்னவன் யாரோ அவன் நன்றாக இருக்கட்டும் என்று நுரைச்சி சொன்னாள். அது தன் மாமாதான் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை.

ஆனாலும் தோற்றார்கள். சுழியனுக்கு நினைவு தெரிந்து முதல் தோல்வி. ஆமைகளுக்கு நடுவில் இருந்து இருந்து சிட்டான் அசையாமல் உட்காரக் கற்றிருந்தான். அவன் வேகத்துக்கு அந்த நிதானமும் சேர்ந்தபோது சுழியனால் தாங்க முடியவில்லை.

திரும்பும் வழியில் சுழியன் தலையைத் தொங்கப்போட்டு நொண்டிக்கொண்டே நடந்தான். ஆனால் பின்னால் வந்த அணிக் குட்டிகளின் பேச்சு ஓயவே இல்லை. அந்தக் குதிரையை அங்கே வைத்திருக்கக் கூடாது, அந்தச் சிப்பாயை விட்டிருக்கக் கூடாது, அடுத்த முறை பார் என்று ஒருவரையொருவர் முந்திக்கொண்டு பேசினார்கள்.

“அடுத்து எங்கே, மாமா?” என்றாள் நுரைச்சி.

அப்போதுதான் சுழியனுக்கு உறைத்தது. தோற்ற பிறகும் அடுத்து ஒன்று இருக்கிறது.

அடுத்து இலுப்பைத்தோப்பு. அங்கே பொன்னோடி ஒரு தந்திரம் வைத்திருந்தாள். ஒவ்வொரு காயையும் நகர்த்துவதற்கு முன் இலுப்பை மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வரவேண்டும் என்பது அணில்களுக்கு அவள் போட்ட கட்டளை. ஓடி வந்து உட்கார்ந்ததும் அவற்றின் பரபரப்பு அடங்கிவிடும். பலகையை ஒழுங்காகப் பார்க்கும். ஆற்றங்கரை போராடிச் சமன் செய்தது. மூங்கில்காட்டில் யானைகளை வென்றது. அங்கே ஊசிமல்லி பலகை பலகையாகப் போய், தும்பிக்கையால் காயைத் தட்டிவிடாமல் இருக்க யானைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். யானைக்காயைப் பறிகொடுத்தால் மட்டும் அவை கொஞ்ச நேரம் கண்ணை மூடித் துக்கம் அனுசரித்தன. அதை யாரும் குறை சொல்லவில்லை.

ஐந்து அணிகள் என்பதால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு அணிக்கு ஓய்வு; ஆற்றங்கரையில் சுற்று நடந்தபோது அது சுழியனின் அணிக்கே விழுந்தது. போகும் இடமெல்லாம் கூட்டம். ஒரு மன்றத்தில் ஆட்டம் என்றால் சுற்றுவட்டாரமே திரண்டது. கடைசிச் சுற்றுக்கு வந்தபோது, புள்ளியில் பாறைமேடு கொஞ்சம் முன்னாலும், ஆற்றங்கரை மிக அருகில் அதற்கு அடுத்தும் நின்றன. அவர்கள் மோதும் ஆட்டத்தில் ஜெயிப்பவருக்குக் கோப்பை. இடம் பாறைமேடு.

சுழியனுக்கு எதிரில் மையாளை உட்காரவைக்க, இப்போது பாறைமேட்டுக்குத் தலைவரான யானைத் தலைவர் முதல் பலகையை அவளுக்கு விட்டுக்கொடுக்கலாமா என்று கேட்டார். தலைவர்தான் முதல் பலகையில் ஆட வேண்டும் என்பது விதி. சுழியன் ஒத்துக்கொள்ளாவிட்டால் யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

ஊசிமல்லியும் பார்வையாளர்களோடு வந்திருந்தாள். எல்லோரும் சுழியனைப் பார்த்தார்கள்.

“உட்காரட்டும்” என்றான் சுழியன். “இத்தனை வருடம் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். எதிரில் உட்கார்ந்து ஒரு நாளும் ஆடியதில்லை.”

இளங்காலையில் ஆட்டம் தொடங்கியது. மற்ற மூன்று பலகைகளும் சீக்கிரம் முடிந்தன. நுரைச்சி வென்றாள். மற்ற இருவரும் தோற்றார்கள். சுழியன் வென்றால் ஆட்டம் சமம். அப்போதும் மொத்தப் புள்ளியில் பாறைமேடுதான் முன்னால் நிற்கும். கோப்பை போய்விட்டது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆனாலும் ஒருவர்கூட எழுந்து போகவில்லை.

மையாள் தன் பெரிய கண்களைப் பலகையில் பதித்திருந்தாள். அவள் கை நீளும்போதெல்லாம் கூட்டம் மூச்சைப் பிடித்தது. சுழியனின் ராஜா ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. குடுவையில் தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் குறைந்தது. சுழியன் தன் ராணியை எடுத்தான். மையாள் வெட்டும் இடத்தில் வைத்தான். குட்டிகள் கண்ணைப் பொத்திக்கொண்டன. மையாள் வெகுநேரம் பார்த்தாள். வெட்டினால் குதிரை வந்து மடக்கும். வெட்டாவிட்டால் யானை வந்து மடக்கும். மெல்லக் கையை நீட்டி, தோல்வியை ஒப்புக்கொண்டு தன் ராஜாவைப் படுக்க வைத்தாள்.

“நன்றாக ஆடினாய், சுழியா” என்றாள்.

பாறைமேட்டுக்காரர்களே முதலில் கைதட்டினார்கள். தங்களுக்குக் கோப்பை கிடைத்ததற்குத் தட்டியதைவிட அதிகமாகத் தட்டினார்கள். இத்தனை வருடம் கோப்பையைத் தூக்கியபோதெல்லாம் சுழியனின் மனதில் ஏதோ ஒரு மூலையில் ஒரு உறுத்தல் இருந்தது. இன்று கோப்பை இல்லை. உறுத்தலும் இல்லை. அவன் எழுந்து நுரைச்சியைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டான்.

அன்று சாயங்காலம் தலைவர்கள் கூடினார்கள். இருவாட்சிப் பறவைகள் மன்றம் ஆரம்பித்திருப்பதாகவும், அடுத்த பருவத்தில் சேர விரும்புவதாகவும் செய்தி வந்திருந்தது. மேற்கு மலைக் குரங்குகளும் கேட்டிருந்தன. இனி அவரவர் தம் மன்றத்துக்கே தலைவராகத் திரும்பலாம் என்று சொல்லி, விதியில் எதையாவது மாற்ற வேண்டுமா என்று ஊசிமல்லி கேட்டாள். சிட்டான் பொன்னோடியைப் பார்த்தான். பொன்னோடி யானைத் தலைவரைப் பார்த்தாள். யாருக்கும் எதுவும் தோன்றவில்லை.

“எப்போதாவது மாற்ற வேண்டும் என்று யாராவது கேட்டால், முதலில் பானையைக் கொண்டு வந்து நடுவில் வையுங்கள். பிறகு பேசச் சொல்லுங்கள்” என்றான் சுழியன்.

எந்த இடத்தில் தான் உட்காரப்போகிறோம் என்று தெரியாதவன் வகுக்கிற விதிதான் எல்லோருக்கும் பொதுவான விதியாகும்.